விவரம் பத்தாது

“இவ ஓடிப்போகப் போறான்னு ரெண்டாவது பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு” என்றாள் சத்யப்ரியா.

அஸ்வினி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். மேடம் சொன்னது கதையில் வரும் பெண்ணைப் பற்றித்தான் என்று புரிய ஒரு கணம் ஆனது.

ஒத்தக்கடைப் பக்கத்துக் கல்லூரி அது. சத்யப்ரியா அங்கே படைப்பிலக்கியம் நடத்துகிறாள். மாணவிகள் எழுதும் கதைகளைப் பற்றி ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பேசுவாள். மதிய இடைவேளை, துறை அறையில் வேறு யாரும் இல்லை.

“கொலுசைக் கழட்டித் தங்கச்சி காலுல மாட்டிவிடுறா பாரு, அங்கதான். அது சும்மா கொலுசு இல்ல. இனிமே இந்த வீட்டுல என் சத்தம் கேக்காதுன்னு முன்னாடியே ஜாடையாச் சொல்லிடுற. வகுப்புல முன்குறிப்புன்னு சொன்னேன்ல, அதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கெடையாது.”

அஸ்வினி கொலுசில்லாத தன் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

“ஆனா விவரம் பத்தாது. ‘ஏதோ ஒரு ஊருக்கு பஸ் ஏறினார்கள்’னு எழுதியிருக்க. எந்த ஊரு, எந்த பஸ்ஸு? அது தெரிஞ்சாத்தான படிக்கிறவங்களுக்குப் பதறும்?”

“திருச்சி, மேடம். அந்தப் பையனுக்கு அங்க வேலை கெடச்சிருக்கு.”

“அப்ப மாட்டுத்தாவணி பஸ்ஸ்டாண்டுல ஏறணும். தெரிஞ்சவங்க கண்ணுல பட்டுர மாட்டாளா?”

“தெனமும் விளாங்குடியில இருந்து வந்து அங்க எறங்கித்தான் மேடம் காலேஜுக்கு பஸ் மாறுவா. யாரும் சந்தேகப்பட மாட்டாக.”

“பாத்தியா! இம்புட்டு அழகான விவரத்தை எழுதாம விட்டுட்டியே. சரி, என்னைக்குப் போறா?”

“திங்கக்கெழமை. அன்னைக்கு அப்பா கடைக்குச் சரக்கு எடுக்க விருதுநகர் போயிருவாரு.”

‘அவளோட அப்பா’ என்று சொல்லியிருக்க வேண்டும். விட்டுப்போனதை இருவருமே கவனித்தார்கள். அஸ்வினிக்குக் கண் நிறைந்துவிட்டது.

“மேடம், நான் ஒண்ணு சொல்லணும்...”

“வேணாம்மா. நாம கதையைப் பத்தி மட்டும் பேசுவோம்” என்று சத்யப்ரியா அவள் கையை மெல்லத் தட்டிக் கொடுத்தாள். “ஒரே ஒரு கொறைதான். அப்பாவ இம்புட்டு மோசமா எழுதாத. அவரு பக்கமும் ஒரு நியாயம் இருக்கும்ல? அந்தப் பையன் எப்படி இருப்பான்னும் எழுது. முகமே இல்லாம நிக்கிறான் பாவம். திருத்தி வெள்ளிக்கெழமை குடு.”

படியிறங்கும்போது அஸ்வினிக்கு மூச்சு லேசானது. அம்மாவிடமும் தோழிகளிடமும் மறைத்ததை, கேட்காமலே புரிந்துகொள்ள ஒருத்தி இருந்தாள்.

அவள் காதலித்த பீமாராவுக்கு ஊர் அவனியாபுரம். ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்த்தான். அவன் என்ன சாதி என்று தெரிந்தால் தன் அப்பா மலையாண்டி என்ன செய்வார் என்பது அஸ்வினிக்குத் தெரியும். பெரியப்பா மகளுக்கு என்ன ஆனது என்று அந்த வீட்டில் இன்றுவரை யாரும் பேசுவதில்லை.

அன்று மாலையே கதையைத் திருத்த உட்கார்ந்தாள். இடது புருவத்தில் இருக்கும் தழும்பை எழுதினாள். எப்போதும் தோளில் தொங்கும் நீலப் பையை எழுதினாள். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்கிற பழக்கத்தைக்கூட விடவில்லை. பெயரை மட்டும் மாற்றினாள். வெள்ளிக்கிழமை வாங்கிப் படித்த சத்யப்ரியா, “இப்பத்தான் அவனை நேர்ல பாத்த மாதிரி இருக்கு” என்றாள்.

திங்கட்கிழமை காலை மாட்டுத்தாவணியில் திருச்சி பஸ் பாதிதான் நிரம்பியிருந்தது. ஜன்னலோரம் அஸ்வினி, பக்கத்தில் பீமாராவ். மடியில் நீலப் பை.

“இன்னும் எதுக்குப் பயப்படுற? அதான் ஏறி உக்காந்தாச்சுல்ல” என்று சொல்லி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

முன்படியில் அஸ்வினியின் சித்தப்பா அழகுராஜா ஏறினார். பின்படியில் இன்னும் இருவர் ஏறினார்கள். சித்தப்பா யாரையும் தேடவில்லை. நேராகப் பீமாராவிடம் வந்து, அவன் புருவத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தோளில் கைபோட்டார்.

“எறங்குங்க மாப்ள. வெளிய வச்சுப் பேசுவோம்.”

அவர் குரல் அத்தனை வாஞ்சையாக இருந்தது. உறவுக்காரர்கள் போலிருக்கிறது என்று நினைத்து, நடுவில் நின்றிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அஸ்வினி கத்த வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. கீழே ஒரு வெள்ளைக் காரின் கதவு திறந்து மூடியது. பஸ் கிளம்புவதற்கு முன்பே கார் கிளம்பிவிட்டது.

பின்னாலேயே ஏறி வந்த மலையாண்டி, பீமாராவ் எழுந்துபோன இடத்தைத் துண்டால் தட்டிவிட்டு உட்கார்ந்தார். கீழே விழுந்துகிடந்த நீலப் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். விருதுநகருக்குப் போகும்போது போடும் அதே வெள்ளைச் சட்டையைத்தான் போட்டிருந்தார்.

“அப்பா... அவரை விட்ருங்கப்பா. நான் வீட்டுக்கு வந்துர்றேன்ப்பா.”

மலையாண்டி அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

“ஒங்க மேடம் நம்ம பங்காளி வீட்டுப் பொண்ணு தாயி. போன்ல மொத வரியில இருந்து படிச்சுக் காட்டுச்சு. நல்லாத்தேன் எழுதியிருக்க.”