சிசிலியின் கால்படி

கம்பெனி செய்த உருவத்தில் இல்லாத பழைய வண்டிகள் ஏறினால், இப்போதெல்லாம் சாலையே கண்டுபிடித்து அவற்றின் எஞ்சினை அணைத்துவிடும். தூத்துக்குடியில் பெர்க்மான்ஸின் பைக் தெருமுனையிலேயே நின்றுபோனது. மனைவி சிசிலி தன் மடங்காத இடது காலை நீட்டி வைப்பதற்காக, அவரே இரும்பில் பற்றவைத்த நீளமான கால்படி அதில் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் கோயிலுக்கும் கடற்கரைக்கும் போனது அந்தப் படியில் கால் வைத்துத்தான்.

"அறுத்து எடுத்துருங்க. இல்லன்னா வண்டியவே ஒடச்சுப் போட்டுருவானுவ," என்றாள் சிசிலி.

அறுத்தார். தழும்பு தெரியாமல் பெயிண்ட் அடித்து, சோதனை நிலையத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். இயந்திரம் வண்டியைச் சுற்றிப் பார்த்துப் பச்சை விளக்கு காட்டியது. "குறை ஒன்றுமில்லை," என்றது.

ஆட்டோவில் வந்து நிலைய வாசலில் காத்திருந்தாள் சிசிலி.

"பாஸாயிட்டு!" என்று சிரித்துக்கொண்டே ஓட்டி வந்தவர், அவள் ஏறத் தோதாக எப்போதும்போல வண்டியை இடப்பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

அவளும் பழக்கத்தில் அவர் தோளைப் பிடித்துக் காலை நீட்டினாள். கால் அந்தரத்தில் நின்றது.

"நீங்க முன்னால போங்க," என்று கையை எடுத்துக்கொண்டாள். "நா ஆட்டோலயே வாரேன்."

ஆட்டோ கண்ணிலிருந்து மறைந்த பிறகும் பெர்க்மான்ஸ் வண்டியை நிமிர்த்தவில்லை.