இருப்பதை வைத்து ஒரு வறுவல்

"அம்மா, என்னத்தை ஒளிச்சு வச்சு அதுல போடறே?"

மகள் இங்கார் பாய்ந்து வந்து கையைப் பிடித்ததும், குலியாஷ் சட்டென்று வாணலியை மூடினாள். உள்ளே ஏதோ சடசடவென்று பொரிந்தது.

"கத்தாதே. அந்த அறையில இருக்கறவ காதுல விழப் போகுது."

"செத்துக்கித்துப் போயிட்டா போலீஸ் நம்ம வாசலுக்குத்தான்மா வரும்!"

"சாக மாட்டா. ஆனா இந்தச் சாப்பாட்டை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டா. நீ போய் டீயை ஊத்து."

வெளியே பனிப்புயல் புல்வெளியையே விழுங்கியிருந்தது. சாலையை மூடிவிட்டார்கள். ஊர் எல்லையில் முதல் வீடு குலியாஷின் வீடு. கதவைத் தட்டியது யாரென்று பார்த்தபோது அவளுக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. ரைஹான்! போன வசந்தத்தில் தன் மகன் எராசிலுக்கு இங்காரைப் பெண் கேட்டு வந்துவிட்டு, வைத்த தட்டைத் தொடாமல் எழுந்து போன அதே ரைஹான்.

அன்று அவளோடு வந்த நாத்தனார் கம்ஷாத், கேட்காமலே உள்ளறை அலமாரியைத் திறந்து பார்த்தாள். "மாவு, வெங்காயம், உருளைக்கிழங்கு. வேற ஒரு மண்ணும் இல்ல. நம்ம பையன் மாமியார் வீட்டுக்கு வந்தா மூணு வேளையும் மாவுக்கஞ்சிதான்!" என்று ஊருக்கே கேட்கச் சிரித்தாள். ரைஹான் குனிந்த தலை நிமிராமல் அவள் பின்னாலேயே போய்விட்டாள்.

நாத்தனாரின் சிரிப்பைவிட, பையனைப் பெற்றவள் ஒரு வார்த்தை பேசாததுதான் குலியாஷுக்கு அதிகம் சுட்டது. அன்று முதல் இங்கார் தலையணையை நனைக்காத நாளில்லை. எராசிலும் வேறு பெண்ணே வேண்டாம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைவதாகக் கேள்வி.

வாசலேறி வந்துவிட்டால் எதிரிக்கும் உணவு வைத்தாக வேண்டும். குலியாஷ் அதே அலமாரியைத்தான் திறந்தாள். உருளைக்கிழங்கைப் பொடிப்பொடியாக நறுக்கினாள். வெங்காயத்தைக் கறுக விட்டாள். மேலங்கிக்கு அடியில் மறைத்துக் கொண்டுவந்ததை அதைவிடப் பொடியாக அரிந்து போட்டு, ஒரு பிடி மாவைத் தூவி, மிளகுத்தூளை அள்ளிக் கொட்டி, எது எதுவென்று கண்ணுக்குத் தெரியாதபடி புரட்டி எடுத்தாள்.

ஒரே ஒரு பெரிய தட்டு. அதை மேசை நடுவில் வைத்துவிட்டுத் தானும் எதிரில் உட்கார்ந்து முதல் வாயை எடுத்துக்கொண்டாள்.

"வீட்டுல இருக்கறதை வச்சு செஞ்சது. மாவும் வெங்காயமுந்தான். எங்க வீட்டுல வேற என்ன இருக்கப் போவுது?"

ரைஹான் கரண்டியை எடுத்தாள். ஒரு வாய் மென்றவள் அப்படியே நிறுத்தினாள். குலியாஷ் அவள் வாயையே பார்த்தாள்.

"மிளகு கொஞ்சம் தூக்கல். ஆனா நல்லாயிருக்கு."

குலியாஷ் மூச்சு விட்டாள். ரைஹான் ஜன்னல் பக்கம் திரும்பினாள். வண்டி ஓட்டி வந்த கொழுந்தன் துலேகென், கம்ஷாத்தின் தம்பி, அங்கே போனில் சிக்னல் தேடிக்கொண்டிருந்தான்.

"துலேகென், வா. நீயும் சாப்பிடு."

"எனக்குப் பசியில்ல அண்ணி. வழியில தின்னதே இன்னும் தொண்டையில நிக்குது."

"அது உன் வயித்துக்குத் தின்னது. வந்த வீட்டுல வாய் நனைக்காம போகக் கூடாது. உட்காரு."

"சரி, ஒரு வாய்."

"கோழி கொத்தற மாதிரி என்ன அது? நல்லா அள்ளித் தின்னு!"

அவன் தின்று முடிக்கும்வரை அவள் விடவில்லை. தட்டு வழித்துத் துடைத்தது போல் காலியானது. எல்லோரும் உள்ளங்கைகளால் முகத்தைத் தடவி, சாப்பாட்டுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லும்வரை குலியாஷ் பொறுமையாகக் காத்திருந்தாள்.

"இப்ப என்ன தின்னீங்கன்னு தெரியுமா?"

இங்கார் பயத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆட்டு வால்கொழுப்பும் ஈரலும்!"

துலேகென் கையிலிருந்த டீக் கிண்ணம் சாய்ந்தது. இரண்டு வீட்டாரும் ஒரே தட்டில் வால்கொழுப்பும் ஈரலும் தின்றுவிட்டால், அந்த ஊர் வழக்கப்படி சம்பந்தம் உறுதி. அதற்குப் பிறகு பேச்சு மாறுபவனுக்கு ஊரில் யாரும் தண்ணீர்கூடத் தர மாட்டார்கள்.

"அன்னைக்குத் தொடாம போனீங்களே, அதே வால்கொழுப்பு ஈரல்தான்! இன்னைக்கு வழிச்சுத் தின்னிருக்கீங்க. இனி உங்க பையனுக்கு என் பொண்ணுதான். உங்க நாத்தனார் வயிறெரிஞ்சு கிடக்கட்டும்!" இத்தனை மாதக் கோபமும் குலியாஷின் குரலில் இருந்தது.

"அண்ணி, அக்கா என்னைத் தோலை உரிச்சுடுவா! வாங்க போயிடலாம். தெரியாம தின்னது செல்லாதுன்னு சொல்லிடுவோம்."

ரைஹான் அசையவில்லை. உதட்டோரத்துக் கொழுப்பைப் புறங்கையால் மெல்லத் துடைத்தாள். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து நாத்தனார் முன்னால் குனிந்தே பழகிய தலையை நிமிர்த்தி, குலியாஷை நேராகப் பார்த்தாள்.

"ஈரல்னு எனக்கு முதல் வாயிலயே தெரிஞ்சுடுச்சு சம்பந்தி. அவ தம்பியும் தின்னாத்தானே அவ வாயை அடைக்க முடியும்?"