திரும்பியவர்கள் நான்கு

காஸ்பியன் கடல்நாய்களைக் காக்க அரசு தரும் நிதிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அடுத்த தவணை வராது. அன்றுதான் கடைசி நாள். கணக்கெடுக்கப் போன படகு அக்தாவ் கரைக்கு இன்னும் திரும்பவில்லை. ஆனாலும் கரையோர அலுவலகத்தில் அறிக்கை எழுதும் குல்ஷாட் எப்போதும்போல முன்கூட்டியே நிரப்பி அனுப்பிவிட்டாள்: கடலுக்குப் போனவர்கள் மூன்று, திரும்பியவர்கள் மூன்று. அந்த மூவரில் ஒருவன் அவள் கணவன் சபிர்ஜான்.

மதியம் தலைநகரிலிருந்து அதிகாரி போனில் கூப்பிட்டார்.

"ஏம்மா குல்ஷாட், போனது மூணு பேரு, வந்தது நாலுன்னு போட்டிருக்க. படகுல ஆளு குட்டி போடுதா?"

"மூணுன்னுதான் போட்டேன் அண்ணே."

"பேரும் நாலு இருக்கும்மா. உன் வீட்டுக்காரர் பேரு ரெண்டு தடவை வருது. திருத்தி அனுப்பு."

திருத்தினாள். சேமித்ததும் மூன்று மறுபடியும் நான்காயிற்று. இன்னொரு தரம் திருத்துவதற்குள் படகின் சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு ஓடினாள்.

படகில் நான்கு பேர் இருந்தார்கள். முன்னால் நின்ற இருவர் கழுத்திலும், காலையில் அவள் சபிர்ஜானுக்குச் சுற்றிவிட்ட பச்சை மஃப்ளர் இருந்தது.

"குல்ஷாட், டீ போட்டு வை," என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

பின்னால் உட்கார்ந்திருந்த மற்ற இருவரும் தலையைத் தூக்கவே இல்லை.