அரைக்கிலோ கூடுதல்

தராசில் ஏறுவதற்கு முன் பாறூக் இடுப்பை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன.

சாரத்துக்கு மேல் கட்டியிருந்த அகன்ற தோல் வாரின் பைகளுக்குள் ஒரு கிலோப் படிக்கல் ஒன்று, அரைக்கிலோப் படிக்கல் இரண்டு. முல்லைத்தீவுச் சந்தையில் காய்கறி விற்ற காலத்துப் படிகள். தொளதொளத்த சேட்டு அவற்றை மூடியிருந்தது. தொந்தி இருந்த இடம் இப்போது காலிதானே, படிகள் அங்கே வசதியாகக் குடியேறிவிட்டன.

அவருக்கு முன்னால் நின்ற அம்மா செருப்பு, குடை, கைப்பை எல்லாவற்றையும் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு, மூச்சையும் வெளியே விட்டுவிட்டுத்தான் ஏறினார். சீனி வருத்தக் கிளினிக்குக்கு வருகிற எல்லோருக்கும் நிறையைக் குறைத்துக் காட்டுவதுதான் பாடு. பாறூக்கின் பாடு வேறு.

எல்லாம் டொக்டர் செய்த வேலை. போன மாதம் அவர் புத்தளத்திலிருக்கும் பாறூக்கின் மகள் மஸீனாவோடு போனில் கதைத்துவிட்டார். உங்கள் வாப்பாவுக்குச் சீனியைவிட மன அழுத்தம்தான் கூட, தனிய இருக்கிறவருக்குச் சோறு இறங்காது, இன்னும் மெலிந்தால் தனியே விடாதீர்கள் என்று சொல்லிவிட்டார்.

மஸீனாவுக்கு அது போதுமாக இருந்தது. இந்த வெள்ளிக்கிழமை பிள்ளைகளோடு வருவேன், நிறை குறைந்திருந்தால் திரும்பும்போது உங்களையும் கூட்டிக்கொண்டுதான் போவேன் என்று ஒரே பிடியாக நின்றாள்.

மன அழுத்தமாம். சந்தையே திரும்பிப் பார்க்கக் கூவி விற்ற மனுசனுக்கு!

சோறு இறங்கவில்லை என்பது என்னவோ உண்மைதான். மனைவி சுபைதா மௌத்தாகி ஒரு வருடம் கடந்துவிட்டது. தனக்கு ஒருவனுக்காக உலை வைப்பது அவருக்கு ஏனோ வெட்கமாக இருந்தது. பகலில் இரண்டு பிஸ்கட், இரவில் பால் விடாத ஒரு பிளேன்ரீ. நாக்கு அதற்கு மேல் எதையும் கேட்கவுமில்லை.

அதற்காக ஊரை விட்டுப் போவதா? யுத்த காலத்தில் முஸ்லிம் சனத்தோடு சனமாக ஒருமுறை விரட்டப்பட்டுப் போய், புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலுக்குள் பாதி ஆயுளைக் கழித்துவிட்டுத் திரும்பி வந்தவர் அவர். சுபைதாவை அடக்கியதும் இந்த மண்ணில்தான். இனி அவரை இங்கிருந்து கிளப்புவதென்றால் உயிரெடுக்கிற மலக்கு வந்தால்தான் உண்டு.

பூசணிக்காயைக் கண்ணால் பார்த்தே நிறை சொல்லுகிறவர் பாறூக். தன்னையும் அப்படியே பார்த்தார். ஒன்றரைக் கிலோ போயிருக்கும் என்று பட்டது. ஒன்றரைக் கிலோவுக்குப் படி எடுத்தார்.

நிறுவையில் மோசடி செய்வது எவ்வளவு பெரிய பாவம் என்று அவருக்கு யாரும் ஓதித்தர வேண்டியதில்லை. ஆனால் அல்லாஹ் தடுத்தது குறைத்து நிறுப்பதைத்தானே, கூட்டி நிறுப்பதை அல்லவே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பழக்கதோஷம் விடவில்லை. சனத்துக்கு எப்போதும் தட்டுக் கொஞ்சம் தாழும்படிதான் நிறுத்துக் கொடுப்பார். முள்ளு நேராக நிற்க நிறுக்கிறவன் கஞ்சன் என்பது அவருடைய கட்சி. கை தன்பாட்டில் இன்னொரு அரைக்கிலோப் படியையும் எடுத்து வாருக்குள் செருகிவிட்டது.

பாறூக் ஏறி நின்றார். நிறை எடுக்கிற தாதி, மிஸ்ஸி ஜெயரூபி, குனிந்து பார்த்தாள்.

“ஐயா, போன முறையைவிட அரைக்கிலோ கூடிட்டீங்கள்! இந்த வயசில இது லேசுப்பட்ட விசயமில்லை.”

அவருடைய ஒட்டிய கன்னத்தையும் தராசையும் அவள் மாறிமாறிப் பார்த்தாள். கன்னம் பொய் சொல்லலாம், தராசு பொய் சொல்லுமா? மஸீனா கேட்டிருந்தபடி அங்கேயே நின்று அவளுக்குப் போன் எடுத்தாள். வாப்பா நன்றாகச் சாப்பிடுகிறார், ஒரு கவலையும் வேண்டாம், இரவுச் சோற்றைத்தான் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்றாள்.

பாறூக்குக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். வியாபாரத்தில்கூட இப்படியொரு வெற்றி அவருக்குக் கிடைத்ததில்லை.

மிஸ்ஸி போனை அவரிடம் நீட்டினாள்.

“அல்ஹம்துலில்லாஹ், வாப்பா. இப்பதான் எனக்கு நெஞ்சு ஆறிச்சு. அப்ப நாங்க வெள்ளிக்கிழமை வரேல்ல, பிள்ளையளுக்கும் ரியூசன் கிடக்கு. பெருநாளைக்குப் பாப்பம், என்ன?”

மகள் வருவாள், இரண்டு நாள் நிற்பாள், நிறையைக் கேட்டுவிட்டுத் தன்னை இங்கேயே விட்டுவிட்டுப் போவாள். அவர் நினைத்திருந்தது அவ்வளவுதான். வராமலே விட்டுவிடுவாள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

உண்மையைச் சொல்லிவிட்டால் அவள் இன்றைக்கே பஸ் ஏறுவாள். ஆனால் அந்த உண்மை, பாறூக் நிறுவையில் கள்ளம் செய்தார் என்பது. வரிசையில் அவரிடம் காய்கறி வாங்கிய சனம் நாலைந்து பேர் நின்றார்கள்.

“ஓம் மகள்,” என்றார். “நான் நல்லாத்தான் சாப்பிடுறன். நீங்க வீணா அலையாதேங்கோ.”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டும் அவர் தராசை விட்டு இறங்கவில்லை. பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள் என்று மிஸ்ஸி சொல்ல வேண்டியிருந்தது.

காலையில் கிளினிக்குக்கு வரும்போது, வழியில் இறால்காரனின் மோட்டார்சைக்கிளை மறித்து, வெள்ளிக்கிழமைக்கு நல்ல பெரிய இறாலாகக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். மகளுக்குப் பொரியல், பிள்ளைகளுக்கு உறைப்பில்லாத குழம்பு என்று அவனிடம் விபரம் சொல்லிக்கொண்டு நின்றபோது, சுபைதா போன பிறகு முதன்முதலாக, அவருக்குப் பசித்தது.