இரண்டு பேர் சட்டி

"ரெண்டு பேருக்குத்தான்மா அந்தக் கறி. ஒத்த ஆளுக்குன்னா நான் சட்டியே வைக்க மாட்டேன்" என்றாள் கடைக்காரி பெல்மிரா.

எர்மெலிந்தா எதிர் நாற்காலியைப் பார்த்தாள்.

"வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தப் போயிருக்கார். வந்துடுவார், வைங்க."

அவள் போர்ட்டோ நகரத்திலிருந்து தெற்கே இந்தச் செர்பா ஊருக்குப் பேருந்தில் தனியாக வந்திருந்தாள்.

மண்சட்டி வந்தது. ஆட்டுக்குட்டிக் கறி, குழம்பில் ஊறிய ரொட்டி, மேலே புதினா. இரண்டு தட்டுகள்.

சாப்பிடும்போது யாராவது கடந்து போனால், "சாப்பிடுறீங்களா?" என்று கேட்க வேண்டும். அவர்கள், "நீங்க நல்லா சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். இங்கே அது வணக்கம் வைப்பது மாதிரி. யாரும் உட்கார்ந்துவிடுவதில்லை.

எர்மெலிந்தா எல்லோரையும் கேட்டாள். தபால்காரரைக் கேட்டாள். கைகோத்து வந்த புதுத் தம்பதியைக்கூட விடவில்லை.

கேட்டுவிட்டு, தேவைக்கு மேல் ஒரு கணம் அவர்கள் முகத்தையே பார்த்தாள். ஒரே ஒருவர் முறை தவறினால் போதும்.

யாரும் தவறவில்லை. சட்டியில் ஆவி அடங்கியது.

தெருவாசலில் தொப்பிக்காரர் ஒருவர் நுழைந்தார்.

"சாப்பிடுறீங்களா?"

"சாப்பிடுறேனே!"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்து மேசையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"என் வீட்டுக்காரர்..."

"வந்தா எழுந்துக்கிறேன்மா. அதுவரைக்கும் கறி ஆறணுமா?"

எலும்பை உறிஞ்சினார். கடைக்காரிக்கு உப்புப் போடக் கை வராது என்றார். தன் முழங்கால் வலியைப் பற்றி நெடுநேரம் பேசினார். எர்மெலிந்தா சத்தமாகச் சிரித்தாள். சிரித்த பிறகு அவளுக்கே அது யார் குரலோ என்றிருந்தது.

வீட்டுக்காரர் ஏன் இன்னும் வரவில்லை என்று அவர் கேட்கவேயில்லை.

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியதும், அவள் கை கழுவப் பின்பக்கம் போனாள். சமையலறைக் கதவு பாதி திறந்திருந்தது.

உள்ளே, கொல்லைப்புறமாக வந்து அதே தொப்பிக்காரர் சட்டி கழுவ உட்கார்ந்துகொண்டிருந்தார். பெல்மிரா அவர் வயிற்றில் ஒரு தட்டு தட்டினாள்.

"இன்னிக்கு இது மூணாவது சாப்பாடு. வயிறு வெடிச்சா நான் அழ மாட்டேன், அனிபல்."

"அப்போ ஒத்த ஆளுக்கும் சமைச்சுத் தொலையேன்டி!"

"சமைக்கலாம். தனியாத் தின்னுட்டுத் தனியாவே போயிடுவாங்க. பரவாயில்லையா உனக்கு?"

எர்மெலிந்தா குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, முகத்தையும் சேர்த்துக் கழுவினாள்.