இறப்புப் பதிவேட்டின்படி

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முனிரத்தினம் பதினோரு பேரைத் தீர்த்துக் கட்டியிருந்தார். பன்னிரண்டாவது ஆள் உயிரோடு வந்து மேஜைக்கு எதிரே நின்றாள்.

உத்திரமேரூர் ரேஷன் கார்டு அலுவலகத்தில் அந்த வாரம் முழுக்க அவருக்கு அதுதான் வேலை. இடப்பக்கம் கிராமங்களிலிருந்து வந்த இறப்புப் பதிவேடு, வலப்பக்கம் கார்டுப் பதிவேடு. இதில் இருக்கும் பெயரை அதில் தேடிப் பிடித்துச் சிவப்பு மையில் ஒரு கோடு.

பெயர் மட்டும் பொருந்தினால் போதாது, புருஷன் பெயரும் பொருந்த வேண்டும். அங்கேதான் தொல்லை. சற்று முன் வந்த கோவிந்தம்மாள், புருஷன் பெயரைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டு, "காஞ்சிபுரத்துல மாமரத்தடியில சாமி கீதே, அது சார்" என்றாள். அதை ஏகாம்பரம் என்று கண்டுபிடித்து எழுதுவதற்குள் கால்மணி நேரம் போய்விட்டது.

"உனக்கு இன்னாம்மா?"

"மாகறல் காலனி சார். சிட்டம்மாள். நான் செத்துட்டதா எழுதிக்கீறாங்க."

பியூன் ஞானதாஸ் எட்டிப் பார்த்தான். "பட்டப்பகல்லயே வந்துடுச்சே! காலு தரையில படுதா பாருங்க சார்."

அவள் சிரிக்கவில்லை.

"புருஷன் பேரு?"

"இருசப்பன்."

"ஆங், எல்லாரும் இப்படிப் பட்டுனு சொன்னா எனக்கு எவ்ளோ வேலை மிச்சம்!"

முனிரத்தினம் இறப்புப் பதிவேட்டைப் புரட்டினார். சிட்டம்மாள், வயது 26, கணவர் இருசப்பன், மஞ்சள் காமாலை.

"செத்தது என் நாத்தனா சார், மலர்க்கொடி. ஒரே வூடு, ஒரே கார்டு. தலையாரி குடிச்சிட்டு வந்து பேரை மாத்திக் குட்த்துட்டான்." அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "திங்கக்கிழமை வீட்டுமனைப் பட்டா குடுக்குறாங்க. சிட்டம்மா பேர்லதான் வந்துகீது. உங்க புத்தகத்துல பேரு இருந்தாத்தான் குடுப்பாங்களாம். இப்ப ஏரிக்கரையில கீறோம், அதையும் மழைக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாங்க. ரெண்டு கொயந்தைங்க சார்."

ஜன்னலுக்கு வெளியே புளியமரத்தடியில் ஒருவன் சைக்கிளைப் பிடித்தபடி நின்றான். அதன் பாரில் ஒரு குழந்தை தூங்கி வழிந்தது.

"அவர்தானா இருசப்பன்?"

"ஆமா சார்."

முறைப்படி மாகறலுக்கு ஆளனுப்பி விசாரிக்க வேண்டும். அதற்குள் திங்கட்கிழமை போய்விடும். முனிரத்தினம் ஒரு வெள்ளைத் தாளில் வாக்குமூலம் எழுதி, அவள் கட்டைவிரலை மையில் ஒற்றிப் பதிய வைத்தார். இறப்புப் பதிவேட்டில் சிட்டம்மாளை அடித்துவிட்டு மலர்க்கொடி என்று திருத்தினார். பிறகு கார்டுப் பதிவேட்டின் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்ல சார். ஆவணியில பண்லாம்னு இருந்தாங்க. திருமுக்கூடல் மாப்ள."

"த்சொ."

ஸ்கேலை வைத்தார். மலர்க்கொடி, வயது 22. சிவப்புக் கோடு ஒரே இழுப்பில் பெயரைத் தாண்டிப் போயிற்று. அவள் குனிந்து அந்த மை காய்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின்னால வேணும்னா அந்தப் பேரை மறுபடி சேத்துக்க முடியுமா சார்?"

"செத்தவளை எப்படிம்மா சேக்குறது?"

"இல்ல, சும்மாத்தான் கேட்டேன்."

கும்பிட்டுவிட்டு வெளியே போனாள். முனிரத்தினம் பதின்மூன்றாவது பெயரைத் தேடத் தொடங்கினார். ஜன்னல் திறந்தே இருந்தது.

"இன்னா ஆச்சு?" என்று சைக்கிள்காரன் கேட்பது காதில் விழுந்தது.

"பட்டா வந்துடும் அண்ணா. நான் செத்துட்டேன்."