மகிளு

தொண்டை அறுவைக்குப் பிறகு பேச்சு வராது என்றார்கள். அதனால் என் மனைவி செல்வராணி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்வரை தினமும் எங்கள் வீட்டுப்பள்ளிப் பெட்டியிடம் பாடங்களை வாசித்துக் காட்டினாள். அதைக் கேட்டுப் பழகி, இனி எங்கள் மகளுக்கு அவள் குரலிலேயே அது பாடம் நடத்தும்.

அவள் வீடு திரும்பியதும் முதல் வகுப்பு தொடங்கியது.

"மகிழினி, இங்க வா," என்றது பெட்டி, அவள் குரலில்.

பிள்ளை அசையவில்லை. "இது அம்மா இல்லப்பா. அம்மா மகிளுன்னுல்லா கூப்பிடுவா."

தூத்துக்குடிக்காரி நாக்கில் ழகரம் என்றைக்கு வந்தது? பெட்டி தானாகவே அவள் உச்சரிப்பைத் திருத்தியிருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது. திருத்தத்தை நிறுத்தப் போனேன். செல்வராணி வேண்டாமென்று கையை ஆட்டினாள். பிள்ளையும் தப்பாக எழுதிவிடுமோ என்று அவளுக்குப் பயம். நான் கேட்காமல் நிறுத்திவிட்டேன்.

"மகிளு, இங்க வா," என்றது பெட்டி.

மகிழினி ஓடிவந்து உட்கார்ந்தாள். செல்வராணி முன்பே கைபிடித்துப் பழக்கிய எழுத்துகளில் தன் பெயரை எழுதினாள், ழகரத்தின் சுழியைக்கூட விடாமல்.

"எளுதுனா மகிழினி. அம்மா கூப்பிட்டா மகிளு. எனக்கு ரெண்டும் தெரியும்."

கட்டுப்போட்ட கழுத்தோடு செல்வராணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பேச்சிருந்தால் தெருவுக்கே சொல்லியிருப்பாள்.

அவளுக்குப் பதிலாக நான் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.